ஒரே மைதானம், இரண்டு கூலி

(சங்க வாசகசாலையின் ஆண்டு விளையாட்டுப் பந்தயப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று ஓடியும் குதித்தும் கயிறு இழுத்தும் பரிசு வாங்கிய எல்லோருக்கும், பரிசு வாங்காமல் வியர்வை மட்டும் சிந்திய எல்லோருக்கும் நமது வாழ்த்துக்கள்.

விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று வாசகசாலைத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாம் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். "அது துரைமார் ஆட்டமாயிற்றே! நாற்று நடுகிறவளுக்கும் நூல் நூற்கிறவனுக்கும் அதில் என்ன சமாசாரம்?" என்று யாராவது கேட்கலாம். சமாசாரம் இருக்கிறது.

இங்கிலாந்திலே லீட்ஸ் என்று ஒரு பழைய மில் ஊர். அந்த ஊருக்கு ஒரு கிரிக்கெட் அணி. 2025-ம் வருஷம் அந்த அணியை நம் சென்னையைச் சேர்ந்த சன் டி.வி. கம்பெனி முழுசாக விலைக்கு வாங்கிற்று. அதே வருஷம் அந்த அணியின் பெண்கள் கோப்பையை ஜெயித்தார்கள். ஜெயித்த பெண்ணுக்கு என்ன கூலி, அதே நிறச் சட்டை போட்டு அதே மைதானத்தில் ஆடிய ஆணுக்கு என்ன கூலி என்று பார்த்தால், நம் களத்துமேட்டில் நடக்கிற கணக்கு அப்படியே அங்கே தெரிகிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

நூறு பந்து ஆட்டம்

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுவோம். 2021-ல் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 'ஹண்ட்ரட்' என்று ஒரு புதுப் போட்டியை ஆரம்பித்தது. ஹண்ட்ரட் என்றால் நூறு. ஒரு பக்கத்துக்கு நூறு பந்து, அதோடு சரி. ஐந்து நாள் ஆடியும் முடிவு தெரியாமல் கலைகிற ஆட்டமல்ல. சுமார் இரண்டரை மணி நேரத்தில் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். பகல் ஷிப்டு முடித்தவன் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

மொத்தம் எட்டு அணிகள். ஒவ்வொன்றிலும் ஆண்கள் பிரிவு ஒன்று, பெண்கள் பிரிவு ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே சட்டை. லீட்ஸ் ஊரில் ஹெடிங்லி மைதானத்தில் ஆடுகிற அணிக்கு 'நார்தர்ன் சூப்பர்சார்ஜர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கைமாறிய பிறகு 'சன்ரைசர்ஸ் லீட்ஸ்' என்று பெயர் மாறிற்று.

ஊர் கிளப்புக்கும் இப்படிப்பட்ட கம்பெனி அணிக்கும் வித்தியாசம் உண்டு. கிளப் என்றால் சந்தா கட்டிய உறுப்பினர் பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கலாம், கை தூக்கலாம். கம்பெனி அணி என்றால் உரிமையை எடுத்தவரே எஜமான். நம் பக்கத்தில் புளியமரத்தையும் மீன்குளத்தையும் ஏலம் விடுவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே பதினோரு ஆண்களும் பதினோரு பெண்களும் ஆடுகிற ஆட்டத்தை ஏலத்துக்கு விட்டார்கள்.

இரண்டு வாசல்

லீட்ஸ் நகரமும் அதைச் சுற்றியுள்ள யார்க்‌ஷயர் பிரதேசமும் கம்பளி நூற்பாலும் நெசவாலும் நிலக்கரியாலும் வளர்ந்தவை. அங்கே கிரிக்கெட் துரைமாரின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை. மில்லுக்கு ஒரு கிளப், சுரங்கத்துக்கு ஒரு கிளப், மாதா கோவிலுக்கு ஒரு கிளப் என்று தொழிலாளர்கள் ஆடினார்கள். 1964-ல் டெஸ்ட் ஆட்டங்களில் 300 விக்கெட் எடுத்து உலகத்திலேயே முதல் ஆளாக நின்ற ஃபிரெட் ட்ரூமன் யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளியின் மகன்.

ஆனால் ஆடுகிறவன் ஒருவன், நாட்டாமை செய்கிறவன் வேறொருவன். இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் நெடுங்காலம் இரண்டு ஜாதி இருந்தது. காசு வாங்காமல் ஆடுவதாகச் சொல்லிக்கொண்டவர் 'ஜென்டில்மேன்', அதாவது கனவான். கூலிக்கு ஆடுகிறவன் வெறும் 'பிளேயர்', ஆட்டக்காரன். ஒரே அணிதான், ஆனால் உடை மாற்ற வேறு அறை. பல மைதானங்களில் உள்ளே இறங்கவே வேறு வாசல்! நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கனவான் காசு வாங்கவில்லையா? வாங்கினார். 'செலவுக்கு' என்று பெயர் போட்டு வாங்கினார். டாக்டர் டபிள்யூ. ஜி. கிரேஸ் பேர்போன கனவான். 1891-ல் ஆஸ்திரேலியா போய் ஆடிவர அவர் வாங்கியது 3,000 பவுன். பவுன் என்றால் தங்கப் பவுன் அல்ல, இங்கிலீஷ் நாணயம். இன்றைய மதிப்பில் ஒரு பவுன் நூறு ரூபாய்க்கு மேல்.

கூலி ஆட்டக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 1881-ல் நாட்டிங்காம்ஷயர் அணியின் ஏழு பேர், முறையான ஒப்பந்தம் கேட்டு ஆட மறுத்தார்கள். 1896-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் ஆட்டம் தொடங்க இருந்த சமயம், ஐந்து பேர் சேர்ந்து, "பத்துப் பவுன் போதாது, இருபது பவுன் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் மசியவில்லை. மூவர் இறங்கி வந்தார்கள். இருவர் அந்த ஆட்டத்தில் ஆடவில்லை. பந்தும் மட்டையும் பிடிக்கிற கையும் வேலைநிறுத்தம் செய்யும் என்பது நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்துபோயிற்று.

யார்க்‌ஷயரில் ஹாக் பிரபு என்று ஒருவர் 1883 முதல் 1910 வரை தலைவராக இருந்தார். ஆட்டமில்லாத குளிர்காலத்திலும் ஆட்டக்காரர்களுக்குக் கூலி கிடைக்க வழி செய்தவர் அவர். நல்ல காரியம், அதை மறைக்கக்கூடாது. ஆனால் கூலி ஆட்டக்காரன் இங்கிலாந்துக்குத் தலைவனாகும் நாள் வரவே கூடாது என்று 1925-ல் பகிரங்கமாகப் பேசியவரும் அதே பிரபுதான். தர்மம் கொடுக்கும் கை தலைமையைக் கொடுக்காது, தோழர்களே!

அந்த நாள் வந்தது. 1952-ல் யார்க்‌ஷயரைச் சேர்ந்த லென் ஹட்டன், கூலி ஆட்டக்காரர், இங்கிலாந்தின் தலைவரானார். அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவை ஜெயித்தார். நாட்டுக்குத் தலைவராக இருக்கத் தகுந்த அந்த மனிதரை அவருடைய சொந்த யார்க்‌ஷயர் ஒருநாளும் தலைவராக நியமிக்கவில்லை. 1962-ம் வருஷக் கடைசியில்தான் கனவான், ஆட்டக்காரன் என்ற பாகுபாட்டை எடுக்கத் தீர்மானித்தார்கள்.

மில்காரன் மகன்

ஒரு வாசல் போயிற்று. இன்னொரு வாசல் அடைத்தபடியே இருந்தது.

யுத்தத்துக்குப் பிறகு, 1950-களிலும் 60-களிலும், யார்க்‌ஷயர் கம்பளி மில்களில் ஆள் பற்றாக்குறை. பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்கள் பிராட்ஃபோர்டுக்கும் லீட்ஸுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளூர்க்காரன் விரும்பாத ராத்திரி ஷிப்டு இவர்கள் தலையில் விழுந்தது. வாரக் கடைசியில் இவர்களும் பூங்காக்களில் கிரிக்கெட் ஆடினார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள்.

யார்க்‌ஷயர் கிளப்பில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. அந்தப் பிரதேசத்திலே பிறந்தவன்தான் ஆடலாம். 1992-ல் அதைத் தளர்த்தி, வெளிநாட்டிலிருந்து முதல் ஆளாகக் கொண்டுவந்தது நம் சச்சின் டெண்டுல்கரை. நல்லது. ஆனால் அங்கேயே பிறந்த மில்காரன் மகன் கதி என்ன? யார்க்‌ஷயரில் பிறந்த ஆசியக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன், அஜ்மல் ஷாஜாத், அந்த அணியில் கால் வைத்தது 2004-ல்! பிராட்ஃபோர்டில் பிறந்த ஆதில் ரஷீத் 2006-ல் வந்தார். பின்னால் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த அணியிலும், லீட்ஸ் நூறு பந்து அணியிலும் ஆடினார். தகப்பன் ராத்திரி ஷிப்டுக்குப் போனதிலிருந்து பிள்ளை பகலில் மைதானத்துக்கு வர ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது.

வந்த பிறகாவது மரியாதை கிடைத்ததா? அஸீம் ரஃபீக் என்ற யார்க்‌ஷயர் ஆட்டக்காரர் தான் அனுபவித்த நிறத்துவேஷத்தை 2021 நவம்பரில் இங்கிலாந்துப் பார்லிமெண்டுக் கமிட்டி முன் கண்ணீரோடு எடுத்துச் சொன்னார். 2023-ல் கிளப்புக்கு 4 லட்சம் பவுன் அபராதம் விதித்தார்கள். அதில் பெரும்பகுதியை நிறுத்தியும் வைத்தார்கள்.

அதே 2023-ல் கிரிக்கெட் வாரியமே நியமித்த சுயேச்சைக் கமிஷன் அறிக்கை வெளியிட்டது. இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் நிறபேதம், ஆண் பெண் பேதம், வர்க்க பேதம் மூன்றும் பரவலாக இருக்கின்றன என்று அது எழுதிற்று. 2021-ல் இங்கிலாந்துக்கு ஆடிய ஆண்களில் 58 சதவிகிதம் பேர் சம்பளம் கட்டிப் படிக்கும் பணக்காரப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். நாட்டு ஜனங்களில் அப்படிப் படித்தவர்கள் 7 சதவிகிதம். ட்ரூமன் பிறந்த நாட்டிலே, சுரங்கக்காரன் மகனுக்கு இன்று இடம் சுருங்கிவிட்டது.

பெண்கள் வந்த வழி

இப்போது தாய்மார்கள் விஷயத்துக்கு வருவோம்.

பெண்கள் கிரிக்கெட் நேற்று முளைத்ததல்ல. உலகக் கோப்பைப் போட்டியை முதலில் நடத்தியவர்களே பெண்கள்தான். அது 1973-ல், ஆண்களுடையது 1975-ல். அந்தக் கோப்பையை ஜெயித்த இங்கிலாந்து அணியின் பெரிய ஆட்டக்காரி எனிட் பேக்வெல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் மாதச் சம்பளம் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். லார்ட்ஸ் என்கிற பெரிய மைதானத்தில் பெண்களை ஆடவிட்டது 1976-ல். அந்த மைதானத்துக்குச் சொந்தமான கிளப் பெண்களை உறுப்பினராக்கத் தீர்மானித்தது 1998-ல். இங்கிலாந்துப் பெண்கள் அணிக்கு முதன்முதலில் முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது 2014-ல்.

நூறு பந்துப் போட்டியிலும் ஆரம்பத் திட்டப்படி பெண்களின் ஆட்டங்களில் பெரும்பாலானவை சின்ன மைதானங்களில் தனியாக நடக்க வேண்டியவை. கொரோனாக் காலத்தில் செலவும் சிரமமும் பார்த்து, ஒரே நாள், ஒரே மைதானம், ஒரே டிக்கெட் என்று மாற்றினார்கள். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடு கதவைத் திறந்துவிட்டது. ஜனங்கள் சீக்கிரமே வந்து உட்கார்ந்தார்கள். முதல் வருஷமே பெண்கள் ஆட்டங்களைப் பார்த்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல்.

2021 ஜூலை 24-ம் தேதி ஹெடிங்லியில் நடந்ததைக் கேளுங்கள். லீட்ஸ் பெண்கள் வெல்ஷ் ஃபயர் என்ற அணியோடு ஆடுகிறார்கள். ஜெயிக்க 131 ரன் வேண்டும். 19 ரன்னுக்குள் நான்கு விக்கெட் போய்விட்டது. முடிந்தது கதை என்று எல்லோரும் நினைத்தபோது பம்பாய்ப் பெண் ஜெமிமா ரோட்ரிக்ஸ் நின்றாள். 43 பந்தில் 92 ரன். கடைசிவரை ஆட்டமிழக்காமல் அணியைக் கரையேற்றினாள். அதே பெண்தான் 2025 அக்டோபரில் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127 ரன் எடுத்து நம் நாட்டைக் காப்பாற்றியவள்.

2025 ஆகஸ்டு 31-ம் தேதி, லார்ட்ஸ் மைதானம். 22,000 பேருக்கு மேல் கூட்டம். அதுவரை ஓர் ஆட்டம்கூடத் தோற்காத சதர்ன் பிரேவ் அணியை லீட்ஸ் பெண்கள் ஏழு விக்கெட் மீதம் வைத்து வென்று கோப்பையைத் தூக்கினார்கள். அந்த அணியின் ஆண்கள் அதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை.

அணாக் கணக்கு

சரி, கூலி என்ன?

2021-ல் ஆணுக்கு உச்சக் கூலி 1,00,000 பவுன். பெண்ணுக்கு உச்சக் கூலி 15,000 பவுன். பழைய அணாக் கணக்கில் சொன்னால், ஆணுக்கு ஒரு ரூபாய் என்றால் பெண்ணுக்கு இரண்டரை அணாகூட இல்லை. 2025-ல் ஆணுக்கு 2,00,000, பெண்ணுக்கு 65,000. ஐந்தணாவும் சொச்சமும். 2026-க்கு அறிவித்த கணக்கில், ஓர் அணியின் ஆண்களுக்கு மொத்தம் 20.5 லட்சம் பவுன், பெண்களுக்கு 8.8 லட்சம். ஏழணாவுக்குச் சற்றுக் குறைவு.

இரண்டரை அணா ஏழணா ஆனது யார் தயவால்? எந்த முதலாளியும் காலையில் எழுந்ததும் மனம் இளகிக் கொடுத்ததல்ல. மைதானத்தைப் பெண்கள் நிரப்பினார்கள். ஆட்டக்காரர் சங்கம் கேட்டது. கமிஷன் அறிக்கை எழுதிற்று. வேறு நாட்டுப் போட்டிகளில் கூடுதல் கூலி கிடைத்தது. அத்தனையும் சேர்ந்துதான் உயர்ந்தது. கோப்பை ஜெயித்தால் தருகிற பரிசுத் தொகை மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருவருக்கும் சமம். மேடையில் கொடுக்கிற பரிசு சமமாம். சம்பளப் பட்டியலில் கொடுக்கிற கூலி சமமில்லையாம்!

இங்கே ஒரு நண்பர் கேட்கலாம்: "வசூல் வருவது ஆண்கள் ஆட்டத்தில்தானே? வசூலுக்கு ஏற்ற கூலி கொடுப்பது நியாயம்தானே?" டெலிவிஷன் பணம் இன்றைக்கு ஆண்கள் ஆட்டத்துக்கே அதிகம் என்பது வாஸ்தவம். ஆனால் நூறு வருஷம் மைதானத்தைக் கொடுக்காமல், பயிற்சி கொடுக்காமல், கூலி கொடுக்காமல் வைத்துவிட்டு, "உனக்கு வசூல் இல்லை" என்று சொல்வது, விதைநெல் கொடுக்காமல் விளைச்சல் கேட்பது போல. அப்புறம், ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டம் பார்க்கிறவன் எந்த ஆட்டத்துக்கு எத்தனை காசு கொடுத்தான் என்று யார் பிரித்தது? அணியை விற்றபோதும் பெண்கள் பிரிவு, ஆண்கள் பிரிவு இரண்டையும் சேர்த்தே ஒரு விலை பேசினார்கள். விற்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரு பண்டம். கூலி கொடுக்கும்போது மட்டும் அது இரண்டு!

இன்னொரு தோழர் கேட்கலாம்: "லட்சக்கணக்கில் வாங்குகிறவளுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" உச்சத்தில் இருக்கிறவள் ஒருத்தி, இருவர். 2025-ல் அதே போட்டியில் அடித்தட்டில் இருந்த பெண்ணின் கூலி 10,000 பவுன். அதுவும் வருஷத்தில் ஒரு மாதம் நடக்கிற ஆட்டத்துக்கு. முழங்கால் போனால் ஆட்டம் போயிற்று. உச்சத்தில் பாகுபாடு நிலைத்தால் அடித்தட்டில் அது இரட்டிப்பாக நிலைக்கும். அதனால்தான் கவலைப்படுகிறோம்.

லீட்ஸ் நகரத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1970 பிப்ரவரியில் அந்த ஊர்த் தையல் ஆலைகளில் ஒரு கூலி ஒப்பந்தம் வந்தது. ஆணுக்கு மணிக்கு 5 பென்னி உயர்வு, பெண்ணுக்கு 4 பென்னி. பெண்கள் ஊசியைக் கீழே வைத்தார்கள். "எல்லோருக்கும் ஒரு ஷில்லிங்!" என்று கோஷமிட்டு ஆலை ஆலையாக ஊர்வலம் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். அந்த வருஷம்தான் இங்கிலாந்தில் சம கூலிச் சட்டமும் நிறைவேறிற்று. அந்தத் தையல்காரிகளின் பேத்திகள் வயதுப் பெண்கள்தான் இன்று அந்த ஊர் மைதானத்தில் நிற்கிறார்கள். சட்டம் வந்து ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. கணக்கு இன்னும் தீரவில்லை.

விற்றது யார், வாங்கியது யார்?

2025-ல் எட்டு அணிகளின் பங்குகளையும் விற்றதில் இங்கிலாந்துக் கிரிக்கெட்டுக்குச் சுமார் 52 கோடி பவுன் வந்தது. லீட்ஸ் அணியில் யார்க்‌ஷயர் கிளப் தன்னிடமிருந்த 51 சதவிகிதத்தையும் விற்றது. வாரியம் தன்னுடைய 49-ஐயும் விற்றது. சன் டி.வி. கம்பெனி கொடுத்த விலை சுமார் 10 கோடி பவுன். நம் கணக்கில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கிளப் கடனில் மூழ்கியிருந்தது. விற்ற பணம் அதற்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. வாங்கியவர்களுக்கு ஐதராபாத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் ஏற்கெனவே ஆண்கள் அணிகள் உண்டு. பெண்கள் அணி என்று கிடைத்தது லீட்ஸில்தான். மற்ற அணிகளிலும் ரிலையன்ஸ், ஆர்.பி.எஸ்.ஜி., ஜி.எம்.ஆர். என்ற இந்தியக் கம்பெனிகள் பங்கு வாங்கியிருக்கின்றன.

"பார்த்தாயா! வெள்ளைக்காரன் நம்மை ஆண்டான், இப்போது நம்மவன் அவன் ஊரையே வாங்குகிறான்" என்று சிலர் மார்தட்டுகிறார்கள். தோழர்களே, இதில் மார்தட்ட ஒன்றுமில்லை. "போயிற்றே, அந்நியன் கையில்!" என்று அங்கே சிலர் புலம்புகிறார்கள், அதிலும் அர்த்தமில்லை. ஹாக் பிரபு உள்ளூர்க்காரர்தான். அவர் காலத்தில் இரண்டு வாசல் இருந்தது. எஜமானின் நிறம் எது, பாஷை எது என்பதல்ல கேள்வி. பேரம் பேசிய அறையில் ஆடுகிறவர்களுக்கு வாக்கு உண்டா? டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஜனங்களுக்கு வாக்கு உண்டா? வந்த பணத்தில் பிராட்ஃபோர்டுத் தெருப்பிள்ளைக்கு ஒரு மைதானம் கிடைக்குமா? இவைதான் கேள்விகள். கையில் வந்ததில் ஒரு சிறு பங்கு ஊர்ப்புற ஆட்டத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அது நகரத்துப் பெரிய கட்டிடங்களாக நிற்காமல், சந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அங்குள்ளவர்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் 2022-ல் இந்திய அணிக்கு ஆடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆட்டக் கூலி என்று வாரியம் அறிவித்தது. அது வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் 2023-ம் வருஷப் போட்டிக்கான கம்பெனி அணிகளின் ஏலத்தில் உச்ச விலை ஆணுக்கு 18.5 கோடி, பெண்ணுக்கு 3.4 கோடி. சம கூலி என்று நம் நாட்டிலும் 1976-லேயே சட்டம் செய்தார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய்மார்கள் கையில் வாங்குகிற கூலியை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மூன்று விஷயங்களை மனதில் வைத்துப் போங்கள். ஒன்று: விளையாட்டை, "அது அவர்கள் சமாசாரம்" என்று தள்ளாதீர்கள். சுரங்கக்காரன் மகனும் மில்காரன் மகனும் சேர்ந்து வளர்த்த ஆட்டம் அது. இரண்டு: யார் ஜெயித்தார் என்று கேட்கிறபோதே, என்ன கூலி, எத்தனை மாதம், அடிபட்டால் யார் பார்ப்பார் என்றும் கேளுங்கள். மூன்று: அடுத்த வருஷம் இந்த வாசகசாலைப் பந்தயத்தில் பெண்களுக்குக் கோலப்போட்டி மட்டும் வைத்துவிட்டு நிறுத்தக்கூடாது. ஓட்டத்திலும் கயிற்றிலும் பந்திலும் அவர்களுக்கு இடம் வேண்டும். பரிசும் ஒரே அளவில் வேண்டும். இதைத் தீர்மானமாகவே நிர்வாகக் கமிட்டி முன் வைக்கிறோம். நம் கையில் இருக்கிற மைதானத்தில் நாம் செய்யாததை லீட்ஸ்காரனிடம் கேட்க நமக்கு வாய் இராது.

மைதானம் ஒன்று, பந்து ஒன்று, வியர்வை ஒன்று. கூலியும் ஒன்றாகட்டும்!